என் மனுவுக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

பெயர் எதுவும் போடாமல்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் உங்களுக்கே தெரியும். கொடுமை செய்த புருஷனின் தயவில்லாமல் அமெரிக்காவில் தங்க நானே போட்ட ஐ-360 மனு ஏற்கப்பட்டதாகப் போன மாதம் கடிதம் வந்தது. அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அழுகையோடு ஏதேதோ உளறினேன், அதையெல்லாம் நன்றிக் கணக்கில் சேர்க்க முடியாது.

முதலில் கீழ்வீட்டு அக்கா. போலீஸ் வந்த ராத்திரி மற்ற கதவெல்லாம் சாத்தியே இருக்க, நீங்கள் மட்டும் நைட்டிக்கு மேலே ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து, சத்தம் கேட்டது, இன்றைக்கு மட்டும் இல்லை, பல நாளாகவே கேட்கிறது என்று அவர்களிடம் சொன்னீர்கள். ஸ்டேஷனுக்கும் கூடவே வந்தீர்கள். அந்த நேரத்தில் கோர்ட் ஏது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, நியூ ஜெர்சியில் ஸ்டேஷனில் இருந்தே நீதிபதியிடம் போனில் பேசித் தற்காலிகப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம், கட்டணமே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து நாளில் விசாரணை. இறுதி ஆணைக்கு இங்கே காலாவதித் தேதி கிடையாது, கோர்ட் ரத்து செய்தால்தான் உண்டு.

அப்புறம் ஹெல்ப்லைனில் பேசிய தங்கை. 1985இல் இருந்து இங்கே தெற்காசியப் பெண்களுக்காக இயங்கும் மானவி அமைப்பின் எண்ணை எனக்குக் கொடுத்தது நீதான்மா. அதுவரை எனக்குத் தெரிந்த சட்டம் எல்லாம் புருஷன் வாயால் கேட்டதுதான்: "நான் ஒரு போன் போட்டால் போதும், அடுத்த பிளைட்டில் உன்னை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்." அதற்கு முன் ஓர் ஏஜென்டிடம் விசாரித்தபோது அவரும், புருஷன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது, அனுசரித்துப் போங்கள் என்றார். அந்த அறிவுரைக்கும் காசு வாங்கினார், அது வேறு விஷயம்.

வக்கீலம்மா, நீங்கள் சொன்னது நேர் எதிர். வாவா என்று சுருக்கிச் சொல்லும், பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் சட்டம் 1994இல் இருந்தே இருக்கிறது. கொடுமை செய்தவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால் மனைவி தானே மனு போடலாம், அவர் கையெழுத்து வேண்டாம், அவருக்குத் தெரியவே வேண்டாம், மனுவுக்குக் கட்டணமும் இல்லை. மனைவியால் அடிபடும் கணவனும் போடலாமாம். குடியேற்ற அதிகாரிகள் என் மனுவைப் பற்றி அவரிடம் மூச்சுவிடக் கூடாது. அவர் கொடுக்கும் தகவலை மட்டும் வைத்து எனக்கு எதிராக முடிவெடுக்கவும் கூடாது. இத்தனை வருஷம் என்னை மிரட்டிய அந்த ஒரு போன் காலுக்குச் சட்டத்தில் இவ்வளவுதான் மரியாதை என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும், அது சிரிக்கிற இடம் இல்லை.

ஆதாரம் சேர்த்ததுதான் பெரிய கூத்து. வீட்டு ஒப்பந்தம், கரண்ட் பில், பேங்க் கணக்கு, எதிலும் என் பெயர் இல்லை. ஒரே வீட்டில் வாழ்ந்தோம் என்று எதை வைத்து நிரூபிப்பது? இதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், நம்பத்தக்க எந்த ஆதாரத்தையும் அவர்கள் பார்த்தாக வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகு வேட்டையில் இறங்கினோம். என் பெயரும் முகவரியும் ஒட்டிய மாத்திரைக் குப்பி, பாப்பாவின் தடுப்பூசி அட்டை, நூலகக் கடிதம். தமிழ்ப்பள்ளி டீச்சர், கைக்கட்டோடு நான் வந்த சனிக்கிழமையை நினைவு வைத்து எழுதிக் கொடுத்தீர்களே, அந்த ஒரு பக்கத்தைப் படித்துத்தான் நான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். புருஷனுடைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை உட்கார்ந்து கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்த தம்பி, அந்த வசவையெல்லாம் கேட்க வைத்ததற்கு உனக்கு ஒரு பிரியாணி பாக்கி. ஊரில் போலீஸ் சான்றிதழுக்காக அலைந்த என் சொந்தத் தம்பிக்கும் அப்படியே. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று கேட்ட சொந்தங்களுக்கு இந்த மடலில் இடம் இல்லை.

புருஷனின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் ஹெச்-4 விசாவில் இருக்கும் தோழிகள் இதைப் படித்தால், வாவா உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஹெச்-1பி என்ற அந்த வேலை விசா வைத்திருப்பவரின் மனைவி கொடுமைக்கு ஆளானால் ஐ-765வி படிவத்தில் வேலை அனுமதி கேட்கலாம். போலீஸ் விசாரணைக்கு உதவியிருந்தால், குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கான யு விசா ஒரு வழி, ஆனால் வருஷத்துக்கு 10,000 பேருக்குத்தான், வரிசை ரொம்ப நீளம். இது நியாயமே இல்லை என்பது என் கருத்து. அடி எல்லார் மேலும் ஒரே மாதிரிதான் விழுகிறது, பாதுகாப்பு மட்டும் அடிக்கிறவரின் விசாவைப் பொறுத்து மாறுகிறது.

வக்கீலம்மா சொல்லச் சொன்னது இன்னொன்று. விவாகரத்து ஆகிவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், கொடுமையோடு தொடர்புள்ள விவாகரத்து என்றால் இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம். ஆனால் மனு ஏற்கப்படும் முன் மறுமணம் செய்தால் மனு போய்விடும். யாருக்காவது சாட்சிக் கடிதம் எழுத ஆள் வேண்டும், ஸ்டேஷனுக்குக் கூட வர ஆள் வேண்டும் என்றால் கீழ்வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள், என் நம்பர் அவரிடம் இருக்கிறது.