கோமுவுக்கு, துருக்கி இஸ்மிரிலிருந்து

ஏட்டி கோமு,

உயிரோடுதான் இருக்கிறேன். இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை, பொங்கலுக்குக் கரும்புப் படம், தீபாவளிக்கு விளக்குப் படம் என்று வாட்ஸப்பில் தள்ளிவிட்டே காலத்தை ஓட்டினேன், அதற்கு நீ பதிலாகப் போட்ட அந்த ஒற்றைக் கட்டைவிரலின் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. திட்டிக்கொள். திட்டி முடித்துவிட்டு மேலே படி, இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு அலியாகாவிலேயே வேலை, பாதி நாள் ரயிலில் போய்விடுகிறது. பயலுக்கு ஆறு வயது, வீட்டில் தமிழிலும் தெருவில் துருக்கியிலும் சரளமாகப் பொய் சொல்கிறான். லில்லி டீச்சர் விஷயம் கேள்விப்பட்டேன். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, ஒன்றையும் விடாதே.

மேல் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், நர்ஸிங்கில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள், என்னை 'அப்லா' என்பாள், அக்கா என்று அர்த்தம். (அம்மாவுக்கு இங்கே 'அன்னெ'. நம் தமிழய்யா காதில் விழுந்திருந்தால் ஒரு பீரியட் முழுக்கக் குமரிக்கண்டம்தான்.) ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "அப்லா, நீ இங்கிலீஷ் எம்.ஏ.தானே?" என்றாள். நான் எம்.ஏ. தேறிய லட்சணம் உனக்குத் தெரியும், கைடு வாங்கிக் கொடுத்தவளே நீதான். அவளுக்குத் தெரியாது. கையில் ஒரு தாளைக் கொடுத்தாள், துருக்கியில் பதினான்கு வரி, இதை இங்கிலீஷில் எழுதிக் கொடு, மூலம் என்ன என்று கேட்காதே என்றாள்.

அதுதான் முறையாம். வேறு நாட்டில் செய்த ஒரு கேள்வித்தாளை உங்கள் மொழிக்குக் கொண்டுவர வேண்டுமானால் முதலில் இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும், ஒத்துப்பார்த்து ஒன்றாக்க வேண்டும், அப்புறம் மூலத்தையே பார்க்காத ஆட்களிடம் கொடுத்துத் திருப்பி ஆங்கிலமாக்கச் சொல்ல வேண்டும். பிரிஸ்லின் என்பவர் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. திருப்பி எழுதுகிறவருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தால் நல்லதாம். அவளுக்குக் கிடைத்தது ஒரு பாளையங்கோட்டைக்காரி. இன்னொருத்தி கடற்கரையோரம் திதிமில் குடியேறிய இங்கிலாந்துப் பாட்டி, அந்த ஊரில் அப்படி ஏகப்பட்ட பேர் உண்டு.

பதினான்கு வரியும் 'என் குழந்தை' என்றே தொடங்கின. என் குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கும், காரணமே தெரியாமல் அழும், என்னிடம் பாசமாக இருக்கும், இப்படி. எதிரே ஆறு கட்டம், 'ஒருபோதும் இல்லை' என்ற பூஜ்யம் முதல் 'எப்போதும்' என்ற ஐந்து வரை. அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன், சப்பென்று இருந்தது.

மறுநாள் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அம்மா மனசில் அவள் குழந்தை எப்படிப்பட்டதாக இருக்கிறது என்று அளக்கிற கேள்வித்தாள், ஜான் ஓட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரரும் யூடித் கெர்வாய் என்ற ஹங்கேரிக்காரரும் செய்தது, 'மதர்ஸ் ஆப்ஜெக்ட் ரிலேஷன்ஸ் ஸ்கேல்ஸ்' என்று வாயில் நுழையாத பெயர், அம்மாக்களிடம் கொடுக்கும்போது தலைப்பு 'என் குழந்தை' மட்டும்தான். நான் 'மேக்ஸ் மீ ஆங்க்ரி' என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதியிருந்த மூன்று வரிகள் மூலத்தில் மூன்று வேறு வார்த்தைகள்: அனாய்ஸ் (தொந்தரவு தரும்), இரிடேட்ஸ் (எரிச்சலூட்டும்), வைண்ட்ஸ் மீ அப் (சீண்டி உசுப்பேற்றும், சொல்லுக்குச் சொல் பார்த்தால் என்னை முறுக்கிவிடும்). துருக்கிக்கு வரும்போதே மூன்றும் கோபம் என்ற ஒரே சட்டிக்குள் விழுந்திருக்கின்றன, நான் திருப்பி எடுத்தபோது சட்டியோடுதான் வந்தது. மேல் வீட்டுக்காரி முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம், நான் தப்பாகச் செய்ததால்தானே கண்டுபிடித்தார்கள்!

அந்த மூன்றாவது வரிதான் எங்கள் இரண்டு பேர் தூக்கத்தையும் ஒரு மாசம் கெடுத்தது. முதல் இரண்டு மொழிபெயர்ப்பில் ஒன்றில் 'பெனி குரார்' என்று இருந்ததாம், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்கான சொல். என் குழந்தை எனக்குச் சாவி கொடுக்கும்! நான் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர் குழாயைத் தட்டினார். நம் ஊரில் சாவி கொடுத்துவிடுவது என்றால் அது உன் நாத்தனார் செய்கிற வேலை, குழந்தை செய்வதில்லை.

சுகாதார மையத்தில் சில அம்மாக்களிடம் வாசித்துக் காட்டி என்ன புரிகிறது என்று கேட்கிற கட்டம் வந்தது. வேடிக்கை பார்க்க நானும் போனேன். தடுப்பூசிக்குக் காத்திருக்கும் இடம், உனக்குச் சொல்லவே வேண்டாம், அதே அழுகை, அதே பால் வாடை, சுவரில் வேறு மொழி, அவ்வளவுதான். எங்களுக்குப் பக்கத்தில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி, ஜெம்பரில் நீலக்கண் மணியைக் குத்தியிருந்தார். நாங்கள் அந்த வரியோடு மல்லுக்கட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "டமரிமா பஸர் என்று எழுதேன் மகளே" என்றார். என் நரம்பை மிதிக்கும். ஒருத்தருக்கு எங்கே தொட்டால் பற்றிக்கொள்ளும் என்று தெரிந்து அங்கேயே மிதிப்பது. மேல் வீட்டுக்காரி பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். அந்த வரியை மட்டும் திதிம் பாட்டிக்கு அனுப்பினோம். திரும்பி வந்தது 'வைண்ட்ஸ் மீ அப்'. அட்சரம் பிசகவில்லை.

ஆனால் அவளுடைய பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. நரம்பை மிதிப்பது வேண்டுமென்றே செய்வது, மூன்று மாதக் குழந்தைக்கு வேண்டுமென்று என்ன உண்டு என்கிறார். இவள் சொல்கிறாள், கேள்வித்தாள் கேட்பதே அதைத்தானே, குழந்தை என்ன செய்கிறது என்று யார் கேட்டார்கள், அம்மா மனசுக்குள் உட்கார்ந்திருக்கிற குழந்தை என்ன செய்கிறது என்று கேட்கிறார்கள். ஏழு வரி அந்தக் குழந்தை எவ்வளவு அன்பானது என்று, ஏழு வரி அது எவ்வளவு தூரம் நம்மை ஆக்கிரமிக்கிறது என்று. இரண்டு மதிப்பெண், தனித்தனியாக. இரண்டுமே கூடுதலாக இருக்கலாம், தப்பில்லை. அன்பு குறைந்து ஆக்கிரமிப்பு ஏறினால் அந்த வீட்டுக்கு நர்ஸ் ஒரு நடை போய் உட்கார்ந்துவிட்டு வரலாம், இவள் கணக்கு அவ்வளவுதான். நான் இவள் பக்கம். அசதியில் இருக்கிற அம்மாவுக்குப் பிள்ளை வேண்டுமென்றேதான் செய்கிறது.

இதற்கு முன்னால் வேறு ஒரு கேள்வித்தாளை எடுப்பதாக இருந்தாளாம். பிட்ஸ்பர்க்கில் எல்சி ப்ரூசார்ட் என்ற மனநல மருத்துவர் 1960களில் செய்தது, ஆறே விஷயம்: அழுகை, பால் குடிப்பது, கக்குவது, தூக்கம், மலம் கழிப்பது, ஒரு ஒழுங்குக்கு வருவது. முதலில் சராசரிக் குழந்தைக்கு இதெல்லாம் எவ்வளவு தொந்தரவு என்று அம்மா சொல்ல வேண்டும், அப்புறம் உன் குழந்தைக்கு எவ்வளவு என்று. ஊரான் பிள்ளையைவிட என் பிள்ளை தேவலை என்று சொல்கிற அம்மாவைப் பற்றிக் கவலை இல்லை. இங்கே அதைக் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? என் பிள்ளை ஒசத்தி என்று வாய்விட்டுச் சொல்லவே பயப்படுவார்கள், கண் பட்டுவிடும். இந்தத் தாளிலேயே 'சிரிக்கும்' என்ற வரிக்கு 'எப்போதும்' என்று குறித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் 'மாஷல்லா' என்று எழுதி வைத்திருக்கிறாள் ஒருத்தி. அதைக் கம்ப்யூட்டரில் எங்கே ஏற்றுவது?

சிரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. தூக்கத்தில் குழந்தை சிரித்தால் இங்கே தேவதைகள் சிரிப்புக் காட்டுகிறார்கள் என்பார்கள். நமக்கு நரி விரட்டுவது. ஒரு மாமியார் நடுவில் புகுந்து, "உன்னைப் பார்த்தா சிரிக்கிறது? அதெல்லாம் தேவதைகள் வேலை" என்று சொல்ல, மருமகள் போட்டிருந்த குறியை அடித்து ஒரு கட்டம் கீழே போட்டாள். கண்ணால் பார்த்தேன். அன்றோடு மேல் வீட்டுக்காரி மாமியார்களுக்குத் தனியாக டீ வாங்கிக் கொடுத்து வெளியே உட்காரவைக்கிறாள், ஆராய்ச்சிச் செலவில்.

வாக்கிய அமைப்பில் நமக்கும் இவர்களுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. 'சிரிக்கிறது' வேறு, 'சிரிக்கும்' வேறு என்று நமக்கு இருப்பதுபோலவே இவர்களுக்கும் உண்டு, எங்கள் பதினான்கு வரியும் 'சிரிக்கும்' வகை, வழக்கமாக நடப்பது. நம் 'ஆம்' கூட இருக்கிறது, கேள்விப்பட்டதைச் சொல்கிற 'ஆம்', வினையின் வாலில் 'முஷ்' என்று ஒட்டுவார்கள். வேலைக்குத் திரும்பிவிட்ட ஒரு அம்மா, பிள்ளை பகல் முழுக்கப் பாட்டியிடம், ஒவ்வொரு வரியாக வாசிக்க வாசிக்க "குலும்ஸுயோர்முஷ்" என்றாள். சிரிக்குதாம். விளையாடுதாம். என்னைத் தேடுதாம். அந்த 'ஆம்' விழும்போதெல்லாம் மேல் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆறு கட்டத்தில் எதிலும் 'ஆம்' போட இடமில்லை.

அப்பாக்களிடமும் கொடுத்துப் பார்த்தாள். பாதிப் பேர் தாளைத் திருப்பிக் கொடுத்து "இதன் அம்மாவிடம் கேளுங்கள்" என்றுவிட்டார்கள். மீதிப் பேர் இரண்டு நிமிஷத்தில் முடித்தார்கள். ஒரே ஒருவர், லாரி ஓட்டுகிறவர், 'என்னை அடக்கி ஆளும்' என்ற வரியில் வெகுநேரம் நின்று, இது கேள்வியா புகாரா என்று கேட்டார்.

கணக்கு எனக்குப் பாதிதான் புரிகிறது. ஒரு வரிக்குப் பத்துப் பேர் வீதம் குறைந்தது நூற்று நாற்பது பேராவது வேண்டும், இருநூறைத் தாண்டினால் நிம்மதி. அன்போ ஆக்கிரமிப்போ, ஒரு பக்கத்தின் ஏழு வரியும் ஒரே திசையில் இழுக்கின்றனவா என்று ஆல்ஃபா என்ற ஒரு எண்ணால் பார்ப்பார்கள், 0.70 வந்தால் மூச்சு விடலாம். எல்லோரும் அன்புக்கு ஐந்தும் தொந்தரவுக்குப் பூஜ்யமும் போட்டால் இழுக்க என்ன இருக்கிறது? அப்புறம் அதே அம்மாவிடம் இரண்டு வாரம் கழித்து அதே தாள், அதே பதில் வருகிறதா என்று. இரண்டு வாரத்தில் குழந்தையே வேறு குழந்தையாகிவிடுமே என்றேன். "தெரியும் அப்லா, அதைச் சொல்லாதே" என்றாள்.

சரி, சுற்றி வளைத்தது போதும். தாளில் ஒரு வரி, 'என் குழந்தைக்கு என்னைப் பிடிக்கும்'. இவர்கள் மொழியில் பிடிப்பதற்கும் நேசிப்பதற்கும் சேர்த்து 'செவ்மெக்' என்று ஒரே சொல், பிடிப்பதற்கு மட்டும் என்று தேடினால் காலேஜ் பையன் பெண்ணைப் பார்த்துச் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் 'நேசிக்கும்' என்றே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பெற்றவளைப் பிள்ளை நேசிக்காமல் என்ன, எல்லோரும் ஐந்து போடுவார்கள். பிடிக்குமா என்று கேட்டால் அப்படிப் போட முடியாது. நான் இதைத் தமிழில் யோசித்துப் பார்த்த அன்றுதான் மாட்டிக்கொண்டேன்.

பயல் பிறந்த மூன்றாம் மாசம், டிசம்பர், அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை, இவர் ராத்திரி ஷிப்ட். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது வரை கத்துவான். ஒரு நாள் தொட்டிலில் போட்டுவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்தால் அழுகை நின்றிருந்தது, கூரையில் தொங்கும் விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் குனிந்தேன், சிரிப்பு போய்விட்டது. அன்றைக்கு இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் அந்த வரிக்கு 'அரிதாக' போட்டிருப்பேன் கோமு, நரம்பை மிதிக்கும் வரிக்கு ஐந்து. அதே வாரம்தான் நீ போன் பண்ணினாய். எப்படி இருக்கான் என்றாய். சமர்த்து, படுத்தவே மாட்டான் என்றேன். நீ தடுப்பூசி தேதியெல்லாம் சொன்னாய், எல்லாவற்றுக்கும் ம் கொட்டினேன். அதற்கப்புறம் உன்னோடு பேசும்போதெல்லாம் அந்தப் பொய் முன்னால் வந்து நிற்கும். மற்றவர்களிடம் கூசவில்லை, உன்னிடம் கூசியது. அப்படியே பேச்சைக் குறைத்து, கடைசியில் கரும்புப் படத்தில் வந்து நின்றேன்.

இப்போது ஒன்றுமில்லை, பதறிப் போன் போடாதே. இப்போதெல்லாம் அவனுக்கு என்னைப் பிடிக்கிறது, குறிப்பாக ஐஸ்கிரீம் கடை வாசலில்.

எனக்கு ஒரு உதவி செய். இந்தத் தாளைத் தமிழில் யாரும் கேட்கவில்லை, எனக்காகத்தான். நீ வாரா வாரம் துணைச் சுகாதார நிலையத்தில் பார்க்கிற அம்மாக்கள் 'வைண்ட்ஸ் மீ அப்' என்பதை எப்படிச் சொல்வார்கள்? 'படுத்துறான்' என்றால் அதில் பாதி கொஞ்சல் வந்துவிடுகிறது, 'சீண்டுறான்' என்றால் பெரிய பையன் ஆகிவிடுகிறான். இரண்டு மூன்று பேரிடம் பேச்சுவாக்கில் கேட்டு எழுது. மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேள்.

வேப்பம்பூ வடகம் இனி பார்சலில் வேண்டாம், போன தடவை கஸ்டம்ஸில் அது என்னவென்று விளக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அண்ணாச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சிறுக்கி