தம்பிக்கு ஒரு கடிதம்: கடுகை விடு, பூசணிக்காயைப் பாரு

அன்புள்ள தம்பிக்கு,

கரண்ட், தண்ணி, சாப்பாடு எதையும் வீணாக்கக் கூடாது, பிளாஸ்டிக் வேண்டாம்னு நம்ம குடும்ப குரூப்ல நீ போட்டிருந்த "இன்னிலேர்ந்து எங்க வீட்டு விதிமுறைகள்" லிஸ்ட்டைப் படிச்சேன். அப்பா உடனே கைத்தட்டு போட்டுட்டார், பெரியம்மா வழக்கம்போல பூங்கொத்து, சித்தப்பா "சூப்பர்டா"ன்னு ஒரு வாய்ஸ் நோட். உன் வீட்டுக்காரி மட்டும் ஒண்ணும் போடல. அதை நீ கவனிச்சியான்னு தெரியல, நான் கவனிச்சேன்.

போன்ல சொன்னா நடுவுல நடுவுல குறுக்க பேசுவே, அதான் எழுதறேன். இங்க பப்ளிக்கா எழுதறதுக்குக் காரணம், உன்னை மாதிரியே திடீர்னு ஒருநாள் பூமியைக் காப்பாத்தக் கிளம்பி வீட்டுல இருக்கறவங்க உயிரை எடுக்கற ஆளுங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர் இருக்காங்க. அவங்களும் படிக்கட்டும். உன் பேரைப் போடல, பயப்படாதே.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீ செய்ய நினைக்கறது நல்ல விஷயம்தான், அதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல. ஆனா உன் லிஸ்ட்ல கணக்கு தப்பா இருக்குடா. கடுகு போன இடத்தை ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாதுன்னு சொல்வாங்கல்ல, அது அப்படியே நீதான்.

லைட்டை எடுத்துக்கோ. ரூமை விட்டு வெளிய வரும்போது லைட் அணைக்கலைன்னா பத்து தோப்புக்கரணம்னு போட்டிருக்கே. குண்டு பல்பு இருந்த காலத்துல இது நியாயமான கோபம், ஒரு பல்பு 60 வாட் இழுக்கும், அது தர்றதுல முக்காவாசிக்கு மேல வெளிச்சமே இல்ல, வெறும் சூடு. இப்போ உன் வீட்டுல இருக்கறது 9 வாட் எல்இடி. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினாதான் ஒரு யூனிட், அப்போ அந்த பல்பு நூறு மணி நேரத்துக்கு மேல எரிஞ்சாதான் ஒரு யூனிட் ஆகும். போன் சார்ஜரை பிடுங்கி வைக்கணும்னு எழுதியிருக்கியே, இப்போ வர்ற சார்ஜர் சும்மா மாட்டியிருந்தா இழுக்கறது 0.1 வாட் பக்கம்தான், வருஷம் பூரா மாட்டியே வச்சிருந்தாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. அணைக்க வேண்டாம்னு சொல்லல, அணைச்சா நல்லதுதான், அதுக்காக தோப்புக்கரணம் எல்லாம் ஓவர்.

இப்போ இதைக் கேளு. 20 லிட்டர் வாளித் தண்ணியை 20 டிகிரி சூடேத்தணும்னா கிட்டத்தட்ட அரை யூனிட் கரண்ட் வேணும். இது கீசர் நல்ல கீசரா கெட்ட கீசரான்னு இல்ல, தண்ணியோட குணமே அப்படி, ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏத்த 4.2 கிலோஜூல் கொடுத்தே ஆகணும். அந்த அரை யூனிட்ல உன் எல்இடி பல்பு 50 மணி நேரம் எரியும். அப்புறம் நீ வாளியிலயா குளிக்கறே? ஷவரைத் திறந்து விட்டுட்டு உள்ள நின்னு பாட்டு பாடறே, சாதாரண ஷவர்ல நிமிஷத்துக்கு எட்டு பத்து லிட்டர் போகும், அதுவும் வெந்நீரா. உன் பாட்டு ஒண்ணு முடியறதுக்குள்ள போற கரண்ட்டை அவ அணைக்க மறந்த ஹால் லைட் நாள் பூரா எரிஞ்சாலும் தொடாது. லிஸ்ட்ல உன் குளியலைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே ஏன்?

ஒரே விஷயம்தான் ஞாபகம் வச்சுக்கணும்: சூடு பண்றதும் குளிர வைக்கறதும்தான் கரண்ட்டை முழுங்கும். கீசர், ஏசி, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின்ல வெந்நீர் ஆப்ஷன். மெஷின் வெந்நீர்ல துவைச்சா அது இழுக்கற கரண்ட்ல பெரும்பங்கு தண்ணியை சூடு பண்ணவே போயிடும், டிரம்மை சுத்தறதுக்கு ஆகறது கொஞ்சம்தான். தினசரி போட்டுக்கற துணிக்கு பச்சைத் தண்ணி போதும். ஏசியில ஒரு டிகிரி கூட்டி வச்சா ஏறக்குறைய ஆறு சதவீதம் மிச்சம்னு கணக்கு சொல்றாங்க, ஃபேனையும் கூட சேர்த்துப் போட்டா அந்த ஒரு டிகிரி வித்தியாசம் உடம்புக்குத் தெரியவே தெரியாது. ஆனா ஃபேன் ரூமைக் குளிர வைக்காது, ஆளைத்தான் குளிர வைக்கும், அதனால ஆள் இல்லாத ரூம்ல ஓடற ஃபேன் சுத்த வேஸ்ட், பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், அதைப் பாத்துக் கத்து, லைட்டைப் பாத்துக் கத்தாதே. டிவிக்குக் கீழ இருக்கற செட் டாப் பாக்ஸையும் தொட்டுப் பாரு, ரிமோட்ல ஆஃப் பண்ணின பிறகும் சுடுதான்னு. சுட்டா கரண்ட் போகுதுன்னு அர்த்தம். நாள் பூரா 10 வாட் இழுக்கற எந்த டப்பாவா இருந்தாலும் வருஷத்துக்கு 88 யூனிட் பக்கம் வரும். சார்ஜரை விட்டுட்டு அந்த ஸ்விட்சை அணை.

அடுப்பும் இதே கதைதான். தண்ணி கொதிக்க ஆரம்பிச்சாச்சுன்னா 100 டிகிரி, அதுக்கு மேல நீ தீயை எவ்வளவு ஏத்தினாலும் அது 100 தான், ஆவிதான் கூடுதலா போகும், வேகறது சீக்கிரம் ஆகாது. கொதி வந்ததும் தீயைக் குறைச்சு மூடி போட்டாலே போதும். குக்கர்ல அழுத்தம் கூடறதால கொதிநிலை 120 டிகிரி வரைக்கும் போகும், அதான் அதுல சட்டுனு வேகுது. தானியம் பருப்பு எல்லாம் ஊற வச்சு வேக வச்சா இன்னும் மிச்சம். இதெல்லாம் அவளுக்கு உன்னைவிட நல்லா தெரியும், சமைக்கறவங்க கை அறிஞ்சது இது. நீ எப்பவாவது சமைக்கறப்போ மூடியே போடாம ஃபுல் தீயில வச்சுட்டு போனைப் பாக்கறியாமே, எனக்குத் தகவல் வந்தது.

சரி, அடுத்தது எனக்கு நிஜமாவே கோபம் வந்த இடம். வீட்டுல இருந்த பிளாஸ்டிக் டப்பாவை எல்லாம் மூட்டை கட்டி வெளிய வச்சுட்டு கண்ணாடி ஜாடி செட் ஆர்டர் பண்ணியிருக்கே. மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா (யாருடா உங்க வீட்டுல ஸ்ட்ரா போட்டு குடிக்கறாங்க?), துணிப்பை ஆறு. எதுக்கு இதெல்லாம்? அந்த டப்பாவை செஞ்சப்போ ஆன கேடு ஏற்கெனவே ஆகி முடிஞ்சது, இன்னும் பல வருஷம் உழைக்கற பொருளைத் தூக்கிப் போட்டா அந்தக் கேடு வீணாப் போச்சு, ஜாடி செஞ்சு பேக் பண்ணி வண்டியில கொண்டு வந்த கேடு புதுசா சேந்துச்சு. சூடான சாப்பாட்டை பிளாஸ்டிக்ல வைக்கக் கூடாதுன்னா சரி, ஒத்துக்கறேன், அப்போ அதுல திருகாணி, பட்டன், நூல்கண்டு, மருந்து அட்டைன்னு எதையாவது போட்டு வை.

துணிப்பை விஷயத்துல ஒரு ஆராய்ச்சி இருக்கு, டென்மார்க் அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் துறை 2018ல வெளியிட்டது. சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்கோட ஒப்பிட்டா, ஒரு பருத்திப் பையை பருவநிலை பாதிப்பு மட்டும் பாத்தா 52 தடவையாவது பயன்படுத்தணும், எல்லா விதமான பாதிப்பையும் சேர்த்துப் பாத்தா 7,100 தடவை. தெருவுல கடல்ல குப்பையா சேர்றதை அதுல கணக்குல எடுத்துக்கல, அதனால பிளாஸ்டிக் பை நல்லதுன்னு யாரும் இதை வச்சு வாதாட முடியாது. ஆனா ஒண்ணு நல்லா தெரியுது, துணிப்பை நல்லதாகறது அதை வாங்கறதால இல்ல, கிழியற வரைக்கும் தூக்கிட்டுப் போறதால. பழைய பேன்ட் துணியில தைச்ச பை ரெண்டு இருந்தா போதும், ஒண்ணு வாசல் கதவுல தொங்கணும், ஒண்ணு வண்டியிலயே இருக்கணும். ஆறு பை வாங்கி அலமாரியில அடுக்கி வச்சுட்டு கடையில போய் "ஐயோ பை மறந்துட்டேன்"னு நிக்கறதுக்குப் பேரு சிக்கனம் இல்ல, ஷாப்பிங்.

போனும் அப்படித்தான். சார்ஜ் பண்றதுக்கு ஆகற கரண்ட் ஒண்ணுமே இல்ல, ஒரு யூனிட்ல 40 தடவைக்கு மேல ஃபுல் சார்ஜ் ஆகும். ஒரு போனோட மொத்த கார்பன் கணக்குல, அதாவது அதால காத்துல சேர்ற கார்பன் டை ஆக்சைடுல, பெரும்பகுதி அதை செய்யறப்பவே முடிஞ்சுடுது. அதனால பேட்டரி மாத்தி இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டறதுதான் பெரிய விஷயம். உன்னோட பழைய போனுக்கு என்ன குறைன்னு மாத்தினேன்னு நான் கேக்கல, நீயே யோசி.

இப்போ நிஜமான பூசணிக்காய்க்கு வரேன். சாப்பாடு. ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல ஒரு அறிக்கை விட்டாங்க, 2022ல மட்டும் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாயிருக்கு, அதுல 60 சதவீதம் ஹோட்டல்லயோ கடையிலயோ இல்ல, வீடுகள்ல. தலைக்கு வருஷம் 79 கிலோ வீட்டுலயே போகுது. அந்த உணவை விளைவிச்ச தண்ணி, உரம், வண்டி, ஃப்ரிட்ஜ், அடுப்பு எல்லாம் சேர்ந்துதான் குப்பைக்குப் போகுது. போனது போய் குப்பை மேட்டுல காத்து புகாம அழுகி மீத்தேனா மாறுது, அது நூறு வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைடை விட கிட்டத்தட்ட 28 மடங்கு சூட்டைப் பிடிச்சு வைக்கற வாயு.

உன் லிஸ்ட்ல இதைப் பத்தி "மிச்சம் வைக்கக் கூடாது"ன்னு ஒரே வரி. அது தட்டுல மிச்சம் வைக்கறவங்களுக்கு. ஆனா வீட்டுல வீணாப் போறதுல நிறைய தட்டுக்கு வர்றதே இல்லடா, ஃப்ரிட்ஜ் பின்னாடி மூலையில உக்காந்து செத்துப் போகுது. இதுக்கு நான் செய்யறது ரொம்ப சின்ன விஷயம்: புதுசா வந்தது பின்னாடி, பழசு முன்னாடி, மிச்ச சாப்பாடு எப்பவும் உள்ள தெரியற டப்பாவுல, கண் மட்டத்துல இருக்கற தட்டுல. வாரத்துல ஒருநாள் புதுசா எதுவும் வாங்காம இருக்கறதை வச்சே சமையல். கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு போட்டோ. பாக்கெட்ல "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது"ன்னு போட்டிருந்தா அது ருசி, தரம் பத்தினது, அந்தத் தேதி தாண்டின மறுநாளே விஷமாகிடாது. "இதற்குள் பயன்படுத்தவும்"னு போட்டிருந்தாதான் அது பாதுகாப்பு சமாச்சாரம், அங்க வம்பு வேண்டாம். அதே மாதிரி சமைச்சதை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய விட்டுட்டு அப்புறம் சிக்கனம்னு சாப்பிடாதே, ஆஸ்பத்திரி செலவுல எல்லா சிக்கனமும் போயிடும்.

தண்ணி பத்தி நீ எழுதினது பரவாயில்ல. பல் தேய்க்கும்போது குழாயை மூடறது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஃப்ளஷ் டேங்க் உள்ளுக்குள்ளயே சத்தமில்லாம ஒழுகுதான்னு யாரும் பாக்கறதில்ல, டேங்க்ல கொஞ்சம் கலர் பொடி போட்டுட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடு, கலர் கீழ கோப்பைக்கு வந்துச்சுன்னா ஒழுகுது, உள்ள இருக்கற ரப்பரை மாத்தணும். ஆர்ஓ வச்சிருந்தா அதுல வெளிய போற தண்ணியைப் பிடிச்சு வீடு துடைக்கலாம், பாத்ரூம் கழுவலாம். செடிக்கு மட்டும் யோசிச்சு ஊத்து, உப்பு ஜாஸ்தி.

இவ்வளவு சொன்னதுக்கு அப்புறம் உனக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வரேன். "நம்ம அம்மா காலத்துல எல்லாம் இதெல்லாம் இயல்பா நடந்துச்சு"ன்னு எழுதியிருக்கே. நடந்துச்சு, யார் செஞ்சாங்க? பழைய துணியைக் கிழிச்சு கரித்துணி ஆக்கினது, பாக்கெட்டைக் கழுவிக் காய வச்சது, பட்டன் தைச்சது, மிச்சத்தை மறுநாளைக்கு வேற ஒண்ணா மாத்தினது எல்லாம் அம்மா. அப்பா செஞ்சது லைட்டை அணைச்சுட்டு "யார் இதைப் போட்டது"ன்னு கேட்டது. சிக்கனம்னு நாம பெருமையா சொல்றதுல நிறைய, காசு கொடுக்காம ஒருத்தங்க கையால வாங்கின வேலைதான். அது தப்புன்னு அம்மாவே சொன்னதில்ல, ஆனா நீ அதையே திரும்ப உன் வீட்டுல ஆரம்பிக்காதே. அவளும் வேலைக்குப் போறா.

உன் லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல இதை யார் செய்யப் போறான்னு எழுதிப் பாரு. டிஷ்யூவுக்கு பதிலா துணி, சரி, அந்தத் துணியை யார் துவைப்பா? வீட்டுலயே சோப்புப் பொடி தயாரிக்கறது, யாரு? பிளாஸ்டிக் கவர்ல வர்ற சாமான் வேண்டாம்னா டப்பா எடுத்துட்டு நாலு கடை ஏறி இறங்கறது யாரு? உன் பேர் வர்ற வரியெல்லாம் "மேற்பார்வை"யா இருந்தா, தம்பி, அது சுற்றுச்சூழல் இல்ல, மேனேஜர் வேலை. விதிமுறைன்னு போட்டு குரூப்ல அனுப்பறதுக்குப் பதிலா ரெண்டு விஷயத்தை மட்டும் எடுத்து நீயே செய், யார்கிட்டயும் சொல்லாதே. குளியலைக் குறைச்சுக்கோ, ஃப்ரிட்ஜை உன் பொறுப்புல எடுத்துக்கோ. குழந்தைங்க பாத்து செய்யும், அவளும் கூட வருவா, வரலைன்னாலும் அந்த ரெண்டுலயே உன் மத்த பன்னெண்டு விதிமுறையில மிச்சமாகறதை விட ஜாஸ்தி மிச்சமாகும்.

கம்போஸ்ட் தொட்டி வாங்கறதா சொன்னே. நல்ல யோசனை, நான் அதுக்கு முழு ஆதரவு. ஈரக் கழிவு போடறப்போ எல்லாம் மேல காஞ்ச இலையோ கிழிச்ச அட்டையோ போடணும், நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம், இன்னும் காஞ்சது சேர்க்கணும், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை அடி வரைக்கும் கிளறி விடணும். அதை யார் கிளறுவான்னு உன்னைக் கேட்டேன், நீ ஒரு ஸ்மைலி மட்டும் அனுப்பினே. பதில் எனக்கு வேண்டாம், அவகிட்ட சொல்லு. அவ குரூப்ல கைத்தட்டு போட்டதும் தொட்டியை நான் வாங்கித் தரேன்.

அன்புடன்,
அக்கா