ஒரு கணுவுக்கு 9 சதவீதம்

கோவை,
12.8.2024

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

உன் மச்சினன் மகன் பட்டறையில் அடிபட்டதைப் பற்றி நீ எழுதின கடுதாசி வந்து பதினைந்து நாளாகிறது. தங்கச்சி மகன் செந்திலுக்குப் பவர் பிரஸ் மெஷினில் கை மாட்டிக்கொண்டது, அந்த அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை. வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணுவை எடுத்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து பதினோராம் நாள்.

முதலாளி தன் காரிலேயே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், முன்பணமும் கட்டினார். போகிற வழியில் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார்: "டாக்டர் கேட்டா வண்டியில விழுந்துட்டேன்னு சொல்லிரு தம்பி." வலியில் இவனும் தலையாட்டியிருக்கிறான். காயத்தைக் கழுவின நர்ஸம்மா, "விரலெல்லாம் கிரீஸ் அப்பியிருக்கே, அதென்ன வண்டி?" என்று கேட்டதும் உண்மை வெளியே வந்துவிட்டது. விபத்துப் பதிவேட்டில் 'மெஷினில் அடிபட்டது' என்று ஏறியது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பின்னால் நாங்கள் பட்டிருக்கும் பாடு கொஞ்சமல்ல.

மறுநாள் நான் முதலாளியிடம் போய், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்டேன். "பத்து நாள் வேலை பாத்தவனுக்கு இ.எஸ்.ஐ. எப்படிங்க வரும்?" என்றார். சேர்ந்த அன்றே அடிபட்டாலும் வரும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதெல்லாம் காய்ச்சல் லீவுக்கு. வேலையில் பட்ட காயத்துக்கு இல்லை. ஒரு வழியாகப் பதிவும் விபத்து அறிக்கையும் போனது. இப்போது சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக்கொண்டு வருகிறான். வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். காயம் ஆறினபின் மருத்துவ போர்டு பார்த்து, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதற்கு ஏற்றபடி தொகை முடிவாகும்.

உன் மச்சினன் மகன் விஷயம் வேறே. பட்டறையில் ஆறே பேர் என்று எழுதியிருக்கிறாய், அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் 1923ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அதில் பொறுப்பு நேராக முதலாளி தலையில். வேலையில் பட்ட காயத்துக்கு ஆன வைத்தியச் செலவை முழுக்க அவர் திருப்பித் தரவேண்டும் என்று 2010 ஜனவரியிலிருந்து சட்டத்திலேயே இருக்கிறது. 'ஆஸ்பத்திரிக்கு நாற்பதாயிரம் கொடுத்தாச்சு, அதோடு கணக்கு தீர்ந்தது' என்று சொல்வார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். வைத்தியத்துக்குக் கொடுத்ததை இழப்பீட்டில் கழிக்கமுடியாது. வெள்ளைப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டாலும் அது செல்லாது. தொழிலாளர் துறையில் மனுப்போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

இதற்காக அந்தச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினேன். ஆள்காட்டி விரல் முழுசும் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 14 சதவீதம், இரண்டு கணு போனால் 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. கறிக்கடைத் தராசு மாதிரி எழுதிவைத்திருக்கிறான். அந்த 9-ஐப் பார்த்ததும் உன் விரல்தான் ஞாபகம் வந்தது.

1987-இல் நம் முதலாளி உனக்கு ஆஸ்பத்திரிச் செலவும் ஐநூறு ரூபாயும் கொடுத்தார், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும். வைத்தியச் செலவை அன்றைக்குச் சட்டம் கேட்கவில்லை, அதை அவர் மனசாகவே செய்தார். அந்த மட்டில் சரி. ஆனால் அந்த 9 சதவீதத்துக்கான இழப்பீடு அப்போதும் சட்டத்தில் இருந்தது. நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததா என்று இப்போது கேட்கவும் ஆள் இல்லை. அவர் வீட்டுக்கு வருஷா வருஷம் தீபாவளிக்கு ஸ்வீட் டப்பா கொண்டுபோனாயே, பழனி, அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

மச்சினன் மகனிடம் மருந்து பில், ஸ்கேன் ரசீது எதையும் தொலைக்காமல் ஒரு கவரில் போட்டுவைக்கச் சொல். பதிவேட்டு நகலையும் கையோடு வாங்கட்டும். நகலெடுத்து எனக்கு அனுப்பினால், மனு எழுதத் தெரிந்த சங்கத்துக்காரர் ஒருவர் இங்கே இருக்கிறார், காட்டிக் கேட்கிறேன். தங்கச்சியம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உன் ராமசாமி