நீல முட்டை இடுவதெல்லாம் அரோக்கானா அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு முற்றத்தில் நாலைந்து கோழி வளர்ப்போர் எங்கள் தெஹிவளைப் பக்கத்தில் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களை நாடி "நீல முட்டைக் கோழி" என்றும் "அசல் அரோக்கானா" என்றும் சொல்லிக் குஞ்சுகளும் அடைமுட்டைகளும் விற்கப்படுகின்றன. ஊர்க்கோழிக் குஞ்சின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து இவற்றை வாங்குவோர் தாங்கள் வாங்குவது என்ன என்பதை அறிந்து வாங்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாக ஈரப்பலா மரத்தடியில் ஒரு சிறு கூடு வைத்து ஊர்க்கோழி வளர்த்து வரும் நான், சென்ற ஆண்டு அரோக்கானா என்று சொல்லப்பட்ட ஆறு குஞ்சுகளை வாங்கினேன். இரண்டு சேவல்களாயின. மற்ற நான்கும் ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து முட்டையிடத் தொடங்கியபோது, ஒன்று வெளிர்நீலமாகவும், இரண்டு பாசிப்பச்சையாகவும், நான்காவது நம் ஊர்க்கோழியைப் போலவே இளஞ்செம்மண் நிறமாகவும் இட்டன. விற்றவரிடம் கேட்டதற்கு, "நிறம் போகப்போக நீலமாக மாறும்" என்றார். அது உண்மையல்ல. ஒரு பேடு தன் ஆயுள் முழுவதும் ஒரே வகை நிறத்தில்தான் முட்டையிடும். முட்டையிடும் பருவம் நீளநீள அந்நிறம் சற்று வெளிறுவதும், இறகு உதிர்த்து ஓய்ந்து மறுபடி இடும்போது மீண்டும் அழுத்தமாவதும் உண்டேயன்றி, செம்மண் நிறம் ஒருபோதும் நீலமாகாது.

பெயர்களின் ஒற்றுமையும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். அரோக்கானா என்பது சிலி நாட்டின் மாப்புச்சே என்னும் பழங்குடி மக்களிடமிருந்து வந்த கோழி. ஸ்பானியப் பேராசிரியர் சல்வடோர் கஸ்தெல்லோ 1921இல் ஹேக் நகரில் நடந்த முதலாவது உலகக் கோழிவளர்ப்பு மாநாட்டில் அதைப்பற்றிப் பேசிய பின்னரே வெளியுலகம் அதைக் கவனித்தது. அமெரிக்காவில் அக்கோழியின் வழிவந்தவற்றிலிருந்து உருவாக்கப்பட்டது அமெரோக்கானா. அமெரிக்கக் கோழிவளர்ப்புச் சங்கம் முன்னதை 1976இலும் பின்னதை 1984இலும் தனித்தனி இனங்களாக ஏற்றுக்கொண்டது. இரண்டும் நீல முட்டையே இடுகின்றன. இரண்டுக்கும் மூன்று வரிசையாகத் தாழ்ந்து படிந்த பட்டாணிக் கொண்டைதான். ஆனால் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் எவரும் வேறுபாட்டைக் கண்டுகொள்ளலாம்.

அமெரிக்கத் தரப்படியான அரோக்கானாவுக்கு வால் கிடையாது. வாலிறகு மட்டுமன்றி வாலெலும்பும் இல்லாததால், அதன் முதுகு பின்னால் வழிந்து உருண்டு முடியும். காதருகே இருபுறமும் ஒரு சிறு சதைத் துண்டிலிருந்து மீசைபோல் இறகுக் குஞ்சம் நீண்டிருக்கும். இக்குஞ்சத்தைத் தரும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். ஆகவே குஞ்சமுள்ள சேவலையும் பேட்டையும் சேர்த்தால் கருவில் ஏறத்தாழக் காற்பங்கு அழியும். இன்னொரு காற்பங்கு குஞ்சமில்லாமல் பிறக்கும். இதனால்தான் அசல் அரோக்கானா எங்கும் அரிதாகவும் விலை கூடியதாகவும் இருக்கிறது. கூடை கூடையாக அரோக்கானா விற்கிறோம் என்று எவராவது சொன்னால், அதுவே ஐயங்கொள்ளப் போதுமான காரணம்.

அமெரோக்கானாவுக்கோ நல்ல வால் உண்டு. காதுக் குஞ்சத்துக்குப் பதிலாகக் கன்னத்தை மூடிய அடர்ந்த இறகும் தாடியும் இருக்கும். கால்கள் சிலேற்றுப் பலகையின் நிறத்தில் இருக்க வேண்டும். பச்சையோ மஞ்சளோ கலந்த கால் கலப்பைக் காட்டும். (பிரித்தானியாவில் வாலுள்ள கோழியையே அரோக்கானா என்று அழைப்பதால், அந்நாட்டுப் படங்களைப் பார்த்து வாங்குவோர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.) மூன்றாவதாகக் கிறீம் லெக்பார் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பன்னெற், பீஸ் என்ற இரு அறிஞர்களின் முயற்சியில் உருவான இவ்வினமும் நீல முட்டை இடுவதுதான். எனினும் அதன் கொண்டை நிமிர்ந்த பல்லுள்ள ஒற்றைக் கொண்டை. அதன் பின்னால் தலையில் ஓர் இறகுச் சூட்டும் உண்டு. பொரித்த அன்றே பெட்டைக் குஞ்சின் முதுகில் அணிலைப்போல் கருங்கோடுகள் தெளிவாகத் தெரிவதால், சேவலையும் பேட்டையும் உடனே பிரித்துவிடலாம்.

இவை எதற்குள்ளும் அடங்காத கலப்புக் கோழிகளை மேல்நாட்டார் ஈஸ்டர் எகர் என்கிறார்கள். அது ஓர் இனத்தின் பெயரன்று. நீல முட்டை மரபணு எங்கோ ஒரு மூதாதையிடமிருந்து கலந்த எந்தக் கோழிக்கும் அப்பெயர் பொருந்தும். என் நான்கு பேடுகளுக்கும் வாலும் தாடியும் இருந்தன. இரண்டின் கால்கள் பச்சையோடியிருந்தன. அவை அரோக்கானாவும் அல்ல, அமெரோக்கானாவும் அல்ல என்பதைக் குஞ்சு வளர்ந்து வரும்போதே நான் கண்டிருக்க வேண்டும்.

முட்டையின் நிறம் இனத்துக்குச் சாட்சியாகாது என்பதை ஒரு சிறு சோதனையில் நேரிலேயே கண்டேன். நான்கு பேட்டின் முட்டைகளையும் உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருந்த வெண்சவ்வை நகத்தால் மெல்ல உரித்துப் பார்த்தேன். நீல முட்டையின் ஓடு உள்ளும் புறமும் ஒரே நீலமாக இருந்தது. செம்மண் நிற முட்டையின் உட்புறம் வெள்ளை. பச்சை முட்டைகளின் உட்புறத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வியப்பு: அதுவும் நீலமே. நீலத்தைத் தரும் பிலிவேர்டின் என்னும் நிறமி ஓடு முழுவதும் ஊறிவிடுகிறது. செம்மண் நிறமியோ ஓடு உருவாகி முடியும் தறுவாயில் மேற்பூச்சாகப் படிகிறது. நீல ஓட்டின்மேல் செம்மண் பூச்சு விழும்போது நம் கண்ணுக்குப் பச்சை. எனவே பச்சை முட்டையிடும் கோழி, நீலமும் செம்மண்ணும் கலந்த பரம்பரையின் பிள்ளை.

நீல மரபணு ஓங்கும் தன்மையுடையது என்பதைப் பன்னெற் 1933இலேயே காட்டினார். பழைய ரெட்ரோவைரஸ் ஒன்றின் துணுக்கு கோழியின் மரபணுத் தொகுதியில் செருகிக்கொண்டதே அதற்கு மூலம் என்று 2013இல் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன. ஓங்கும் மரபணு என்பதால், தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் ஒரு பிரதி வந்திருந்தாலே ஓடு நீலமோ பச்சையோ ஆகிவிடும். வாங்குவோர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். ஒரே பிரதியுள்ள பேட்டை ஊர்ச்சேவலோடு விட்டால், பிறக்கும் பெட்டைகளில் ஏறத்தாழப் பாதிக்கு அது கிடைக்காது. என் நான்காவது பேடு அவ்வாறு வந்ததாகவே இருக்கக்கூடும்.

செம்மண் நிற முட்டை என்றாலே ஊர்க்கோழி முட்டை என்று நம்பிக் கடைகளில் கூடுதல் விலை கொடுக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பண்ணைக் கலப்பினக் கோழிகளும் அதே நிறத்தில் இடுகின்றன. ஓட்டின் நிறத்தால் முட்டையின் சத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நீல முட்டைக்குத் தனி மருத்துவக் குணம் உண்டு என்று சொல்லி விற்பதும் தவறே.

ஆகவே தங்கள் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியில் இத்தகைய குஞ்சுகளை விளம்பரம் செய்வோர், தாய்க்கோழி, சேவல் இரண்டின் கொண்டை, வால், கால் நிறம் ஆகியவற்றையும், தூய இனமா கலப்பா என்பதையும் குறிப்பிடுமாறு தாங்கள் கேட்டுக்கொண்டால் பேருதவியாக இருக்கும். வாங்கச் செல்வோர் முட்டையை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், பெற்றோர்க் கோழிகளை நேரில் காட்டும்படி கேட்க வேண்டும். ஆறு மாதம் தீனி போட்டு வளர்த்த பின் உண்மை தெரிவதால் எவருக்கும் பயனில்லை.

என் நான்கு பேடுகளும் நன்றாக இட்டுக்கொண்டு என் முற்றத்திலேயே இருக்கின்றன. அயலவர் அடைவைக்கக் கேட்டால் முட்டைகளை விலையின்றியே கொடுக்கிறேன், பெட்டியின்மேல் "கலப்பு, பெட்டைகளில் சில செம்மண் நிறமாகவும் இடலாம்" என்று எழுதியே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுக் கோழி வளர்ப்பாளர் ஒருவர்,
தெஹிவளை.