சிகாகோவிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? ஆச்சியிடம் நான் ரொம்பக் கேட்டதாகச் சொல். சிகாகோவில் குளிர் தொடங்கிவிட்டது. அத்தானுக்கு இந்த வாரம் இரவு வேலை, பாப்பாவும் தூங்கிவிட்டாள். உனக்கு நிதானமாக எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

வீட்டு விஷயம் நாலு வரி, சூப்பர்மேன் விஷயம் இரண்டு பக்கம் என்று எழுதியிருக்கிறாய். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவிலை எடுத்துவிட்டு 2025-ல் வந்த புதுப்படத்தில் டேவிட் கோரன்ஸ்வெட்டைப் போட்டது அநியாயம், அந்த முகத்தில் கம்பீரமே இல்லை, அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். இங்கேயும் உன்னைப் போலக் கோபப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் 'நான் திரும்பி வருகிறேன்' என்று கேவிலே சொன்னார். டிசம்பரில் இல்லை என்று ஆகிவிட்டது. அந்த வருத்தம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் முகம் சரியில்லை என்கிறாய் பார், அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு அதை ஒத்துக்கொள்ளவும் முடியாது. என் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான் லாசால் தெரு. இரண்டு பக்கமும் உயர உயரமாக வங்கிக் கட்டடங்கள், கோடியில் தானியச் சந்தைக் கட்டடமான போர்டு ஆஃப் டிரேடு, அதன் உச்சியில் தானிய தேவதையின் சிலை. 'தி டார்க் நைட்' என்கிற பேட்மேன் படத்தில் பெரிய டிரெய்லர் லாரி ஒன்று பின்பக்கம் செங்குத்தாகக் கிளம்பி அப்படியே மல்லாந்து விழுமே, அது இந்தத் தெருவில்தான் எடுத்தது. நிஜ லாரியைத்தான் கவிழ்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், லாரிக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வருகிற ஹீத் லெட்ஜர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். 2006-ல் அவர்தான் பேட்மேனின் வில்லன் ஜோக்கர் என்று அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். காதல் படத்தில் நடிக்கிற அழகுப் பையன், இவனுக்கு எதற்கு ஜோக்கர் வேஷம் என்று கேட்டார்கள். 2008 ஜனவரியில் அவர் இறந்துபோனார், ஜூலையில் படம் வந்தது, அடுத்த பிப்ரவரியில் அவருக்குக் கொடுத்த ஆஸ்காரை அவர் குடும்பத்தார் வந்து வாங்கினார்கள். இன்றைக்கு எந்த ஜோக்கர் வந்தாலும் அவரோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அதற்கு முன்னால் மைக்கேல் கீட்டன். 1988-ல் பேட்மேன் வேஷம் அவருக்கு என்று தெரிந்ததும் படக் கம்பெனியான வார்னர் பிரதர்ஸுக்கு ஏறக்குறைய 50,000 எதிர்ப்புக் கடிதம் வந்ததாகச் சொல்வார்கள். தபால்தலை ஒட்டி அனுப்பிய கடிதம்! அவர் காமெடி நடிகர். அறுபதுகளில் வந்த டிவி தொடர் பேட்மேனைக் கோமாளி ஆக்கியிருந்தது, மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்தார்கள். அந்தப் பயத்தில் எனக்கு மரியாதை உண்டு. நாம் நேசிக்கிற ஒன்றை நாலு பேர் சிரிப்பாய்ச் சிரிக்கக்கூடாது என்கிற பயம் அது. 1989-ல் படம் வந்தது, பேச்சு அடங்கியது. 2023-ல் 'தி ஃபிளாஷ்' படத்தில் கீட்டன் மறுபடி அந்த முகமூடியோடு வந்தபோது கைதட்டியவர்களில், அன்று கடிதம் எழுதியவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எக்ஸ்-மென் படங்களில் வருகிற வுல்வரின் கதை உனக்குத் தெரியும். காமிக்ஸில் அவன் ஐந்தடி மூன்று அங்குலக் குள்ளன். ஹ்யூ ஜாக்மேன் ஆறடி இரண்டு அங்குலம். அதுவும் அவர் முதலில் தேர்வானவர் இல்லை, டக்ரே ஸ்காட் என்கிற நடிகர் வேறு படத்தில் மாட்டிக்கொண்டதால் கடைசி நேரத்தில் வந்தவர். இப்போது குள்ளமான வுல்வரினைக் கொண்டுவந்தால் நீயே சண்டைக்குப் போவாய்.

எங்கள் பகுதியில் ஒரு காமிக்ஸ் கடை இருக்கிறது. புதன்கிழமைதான் புதுப் புத்தகங்கள் வரும், அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவேன். நீளநீளமான அட்டைப்பெட்டிகளில் ஒவ்வொரு இதழும் பிளாஸ்டிக் உறைக்குள், பின்னால் வெள்ளை அட்டை வைத்து நிற்கும். இங்கே ஆட்கள் அதைப் புரட்டுகிற விதத்தை நீ பார்க்க வேண்டும். இரண்டு விரலால் மேல் ஓரத்தை மட்டும் தொட்டு, ஒவ்வொன்றாக முன்பக்கம் சாய்ப்பார்கள், உறை கசங்காது. கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த நாட்டில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் வானிலையைத் தவிர வேறு ஏதாவது பேசினார்கள் என்றால் அது அந்தக் கடையில்தான். நான் வந்த புதிதில் வாயைத் திறக்கவே தயங்குவேன். அங்கே என் உச்சரிப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. பேட்மேன்களில் யார் உசத்தி என்று கேட்டார்கள், பதில் சொன்னேன், உடனே ஒருவர் மறுத்துப் பேசினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

கோடையில் அங்கே நடந்த பெரிய விவாதம் சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டி. கேவில் உடையில் அது கிடையாது, புதுப்படத்தில் திரும்ப வந்துவிட்டது. இயக்குநர் ஜேம்ஸ் கன்னுக்கே முதலில் சந்தேகம் இருந்ததாம். கோரன்ஸ்வெட்தான் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். சூப்பர்மேன் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவன், கண்ணிலிருந்து நெருப்பு வரும், அவனைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படக்கூடாது என்றுதான் அவன் நினைப்பான், அதனால்தான் இப்படி உடுத்துகிறான் என்று சொன்னாராம். இவர் சூப்பர்மேனை உள்ளேயிருந்து யோசித்திருக்கிறார் என்று எனக்கு அப்போதே பட்டது. படத்தில் பூதாகரமான மிருகத்தோடு சண்டை நடக்கிற நேரத்தில் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றுவான். அதை வெட்டச் சொன்னவர்கள் உண்டு, கன் விடவில்லை.

கம்பீரம் பற்றிச் சொன்னாயே, கிறிஸ்டோபர் ரீவைத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஒல்லிக்குச்சி. 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடரின் உடைக்குள் இருந்த டேவிட் பிரௌஸ்தான் அவருக்கு உடற்பயிற்சி கொடுத்து உடம்பை ஏற்றினார். ஆனால் 1978 படத்தில் எனக்குப் பிடித்த இடத்தில் உடம்புக்கு வேலையே இல்லை. சூப்பர்மேன் காதலிக்கிற பத்திரிகைக்காரி லாயிஸின் வீடு. அவள் உள்ளே போயிருக்கிறாள். கிளார்க் என்ற பெயரில் சாதாரண ஆளாக வேஷம் போட்டிருக்கிற சூப்பர்மேன் கண்ணாடியைக் கழற்றுகிறான், கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் மாறுகிறது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறான் என்று நாம் நினைக்கும்போது தயங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி கூனிப்போகிறான். எந்தத் தந்திரக் காட்சியும் இல்லை. கடைக்காரர், வயசானவர், அந்தக் காட்சியை எனக்கு நடித்தே காட்டினார்.

அது என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று உனக்குத்தான் சொல்ல முடியும். அலுவலகத்தில் நான் வேறு குரலில் பேசுகிறேன். அங்கே எனக்கு வேறு நடை, வேறு சிரிப்பு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி அம்மாவுக்குப் போன் போட்டதும்தான் தோள் இறங்குகிறது. சூப்பர்மேனை உண்டாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்தில் வளர்ந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். 1938-ல் வந்த அந்த முதல் கதையிலேயே அவன் வேறெங்கோ பிறந்து இங்கே வந்து வளர்ந்தவன். இது வந்தேறியின் கதை என்று கன் 2025-ல் சொன்னபோது சிலர் இங்கே சண்டைக்கு வந்தார்கள். 1938-லிருந்து அது அப்படித்தானே இருக்கிறது! இந்த வேஷத்துக்கு ஒருவனிடம் நான் தேடுவது தாடையை இல்லை. இரண்டு ஆளாக வாழ்கிறவனின் தவிப்பு அவன் முகத்தில் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறேன். கோரன்ஸ்வெட்டிடம் அது இருக்கிறது. லாயிஸ் அவனைப் பேட்டி எடுக்கிற அந்த நீளமான காட்சியைப் பார். நல்லது செய்துவிட்டுக் குற்றவாளிபோல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று பொங்குகிறான், அப்புறம் தான் பொங்கியதற்கு வெட்கப்படுகிறான்.

போன ஜூனில் நாங்கள் மெட்ரோபோலிஸ் போய் வந்தோம். நிஜமாகவே அப்படி ஓர் ஊர் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறது. கதையில் சூப்பர்மேன் வாழ்கிற நகரத்தின் பெயரும் அதுவே என்பதால் 1972-லிருந்து அது சூப்பர்மேனின் சொந்த ஊர். பதினைந்தடி வெண்கலச் சிலை ஒன்று வண்ணம் பூசி நிற்கிறது. வருஷாவருஷம் ஜூனில் திருவிழா. தொந்தி வைத்த சூப்பர்மேன், கறுப்பினச் சூப்பர்மேன், தள்ளுவண்டியில் கைக்குழந்தைச் சூப்பர்மேன் என்று எல்லாரும் அந்த உடையில் நடக்கிறார்கள். நீ சரியில்லை என்று யாரும் யாரையும் சொல்லவில்லை.

ஆனால் எல்லா ரசிகர்களும் அப்படி இல்லை, அதையும் உனக்குச் சொல்லவேண்டும். கமலா கான் என்று ஒரு கதாநாயகி, ஜெர்சி சிட்டியில் வளர்கிற பாகிஸ்தானி வீட்டுப் பெண். 2022-ல் இமான் வெல்லானி நடித்து 'மிஸ் மார்வெல்' தொடர் வந்தது. காமிக்ஸில் அவள் கைகால் நீளும், தொடரில் அதை ஒளிச்சக்தியாக மாற்றிவிட்டார்கள். அதைப் பல ரசிகர்கள் குறை சொன்னார்கள், நானும் அந்தக் கட்சிதான். அது கதையைப் பற்றிய சண்டை, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். 'லிட்டில் மெர்மெய்ட்' படத்துக்குக் கறுப்பின நடிகை ஹாலி பெய்லியைப் போட்டபோது நடந்ததோ தோல் நிறத்துக்கான சண்டை. கடற்கன்னிக்கு என்ன நிறம் என்று சண்டை போடுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. நம் பாப்பா இந்த ஹாலோவீனுக்குக் கமலா கான் வேஷம்தான் போடப்போகிறாள். முகத்துக்கு எதுவும் பூச வேண்டாம் அம்மா, என் முகமே சரியாக இருக்கிறது என்றாள். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

ரீமேக் பற்றியும் கேட்டிருந்தாய். இங்கே பழைய படங்களை மறுபடி எடுப்பதில் ஜனங்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது, ஆனாலும் போய்ப் பார்க்கிறார்கள். 2019 'லயன் கிங்' சிங்கங்களின் முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லை என்று எல்லாரும் குறைப்பட்டார்கள், அது 160 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. 'சைக்கோ'வை 1998-ல் ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்தார்கள், யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஹாங்காங் படமான 'இன்ஃபெர்னல் அஃபயர்ஸ்' கதையை இயக்குநர் ஸ்கார்செஸி பாஸ்டன் நகரத்து ஐரிஷ்காரர்கள் நடுவில் கொண்டுபோய் வைத்தார், அது 'தி டிபார்ட்டட்' ஆகி நாலு ஆஸ்கார் வாங்கியது. நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'த்ரிஷ்யம்' 'பாபநாச'மாக வந்தபோது மோகன்லாலா கமலா என்று வீட்டில் எவ்வளவு சண்டை! மோகன்லால் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டார், கமல் கடைசியில் உடைந்து அழுதார். கமல் பேசியது நம் பேச்சு, கதை நடந்தது நம் ஆற்றங்கரை. ஜீத்து ஜோசப் அதே கதையை நம் மண்ணில் நட்டு வளர்த்தார். அப்படி நட முடியாத ரீமேக்கை எடுக்கவே வேண்டாம்.

2026 டிசம்பரில் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' வருகிறது. அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரே டாக்டர் டூம். எனக்கு அதில் சம்மதமில்லை. அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் செத்தபோது அழுதவர்கள் முன்னால் அதே முகத்தை வில்லனாகக் கொண்டுவருவது, பழைய பாசத்தைக் கடன் வாங்குவதாகப் படுகிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. அதற்கு முன்னால் கோரன்ஸ்வெட் படத்தை முழுசாக, போனில் இல்லாமல் டிவியில் பார். ஏலே, பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டக்கூடாது.

ஊருக்கு வருகிறவர் ஒருவரிடம் பாப்பாவின் பழைய காமிக்ஸ் கொஞ்சம் கொடுத்தனுப்புகிறேன். உறையோடு வைத்துக்கொள். அம்மா போடுகிற நார்த்தங்காய் ஊறுகாய் கிடைத்தால் அவரிடமே கொடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா