அந்தச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வா, மலர்

அன்புள்ள மலர்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசைவிட்டுப் போகவே இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பேராசிரியர்களும் ஊழியர்களும் மாணவர்களும் சேர்ந்து நடத்துகிற சங்கத்திலிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், "நான் அங்கே எதுக்கும்மா, கட்டுரை முடிக்கவே நேரமில்லை" என்றாய். போ மலர். கட்டுரை ஒரு ராத்திரி காத்திருக்கும்.

சாப்பல் ஹில்லில், வட கரோலைனா பல்கலைக்கழக நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். பக்கத்து மேசை அக்காதான், உன் பட்டமளிப்புக்குக்கூட வந்தாரே, அவர்தான் என்னைக் கரோலைனா பிளாக் காக்கஸ் என்ற அங்குள்ள கறுப்பினத்தவர் சங்கத்தின் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். நான் கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் ஊருக்கு வந்து சேர்ந்திருந்த ஒரு மாணவி, இங்கே முடி பின்னிவிட யாரிடம் போவது என்று மெதுவாகக் கேட்டாள். இரவு ஷிப்டு துப்புரவு வேலைக்குக் கிளம்பத் தயாராக, இடுப்பில் சாவிக்கொத்து தொங்க நின்ற ஓர் அம்மா தன் தங்கை மகளின் நம்பரை டிஷ்யூ தாளில் எழுதிக் கொடுத்தார். பக்கத்திலிருந்த பேராசிரியை, "எனக்கும் ஒன்று எழுதுங்க" என்று கை நீட்டினார். வளாகத்தில் வேறெங்கும் இந்த மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அங்கே மாணவர்கள் சாப்பிடும் லெனோர் ஹாலின் கதையையும் அந்த அக்காதான் சொன்னார். 1969 பிப்ரவரி 23, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்கூடக் கதவு திறந்ததும், பரிமாற வேண்டிய கறுப்பினப் பெண்கள் கவுண்டரைவிட்டு வெளியே வந்து மாணவர்கள் சாப்பிடும் மேசைகளில் உட்கார்ந்துவிட்டார்கள். கூலி போதாது, வேலை நேரம் சரியில்லை, மரியாதை இல்லை. மேரி ஸ்மித்தும் எலிசபெத் புரூக்ஸும் முன்னால் நின்றார்கள், பிளாக் ஸ்டூடன்ட் மூவ்மென்ட் என்ற கறுப்பின மாணவர் இயக்கத்துப் பிள்ளைகள் அவர்களுக்குத் துணையாக வந்தார்கள், ஆளுநர் போலீசை அனுப்பினார், கடைசியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.80 டாலர் ஆனது. யோசித்துப் பார், 1795-இல் மாணவர்களுக்குத் திறந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் ஹார்டென்ஸ் மெக்கிளின்டன் என்ற முதல் கறுப்பின ஆசிரியர் சேர்ந்ததே 1966-இல்தான். அதுவரை கறுப்பினத்தவர்கள் அங்கே சமைத்தார்கள், கூட்டினார்கள், பாடம் நடத்தவில்லை.

நீ டென்யூர் டென்யூர் என்று நிரந்தரப் பேராசிரியர் பதவிக்காக ஓடுகிறாயே, 2021-இல் கறுப்பினப் பத்திரிகையாளர் நிகோல் ஹன்னா-ஜோன்ஸுக்கு அதைத் தராமல் மாதக்கணக்கில் இழுத்ததும் அங்கேதான். மாணவர்களும் காக்கஸும் விடாமல் கேட்டார்கள். ஜூன் 30-ஆம் தேதி நிர்வாகக் குழு 9-க்கு 4 என்று வாக்களித்துக் கொடுத்தபோது, அவர் வேண்டாம் என்று ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

"நமக்கென்ன" என்று மட்டும் சொல்லாதே. நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டின் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம், இந்தக் கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டுப் போராடிய அதே ஆண்டுகளில் வந்தது. இப்போது அவர்கள் நிலைமை கஷ்டமாக இருக்கிறது. 2024-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் மாநிலச் சட்டம் ஒன்றைக் காட்டி கறுப்பின மாணவர் சங்கத்தின் அறையையே மூடிவிட்டார்கள். இந்த நேரத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் மலர், அதுவும் உன்னை.

புளியோதரை செய்து எடுத்துப்போ, நிலக்கடலை போட்டிருப்பதை முதலிலேயே சொல்லிவிடு. உன் ஆராய்ச்சியைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பேசு. அப்புறம், பேராசிரியர்கள் பக்கமாகவே நின்றுவிடாமல், மெஸ்ஸில் வேலை செய்கிறவர்கள் யாராவது வந்திருந்தால் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார். முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுக் கிளம்பு.

எத்தனை மணியானாலும் போன் பண்ணு. அப்பா தூங்கிவிடுவார், நான் முழித்திருப்பேன்.

அம்மா