கண்ணாடிக்கு முன்னால் இருந்த கிழவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் பழைய சலூன்களைப் பற்றிய கட்டுரைக்கு ஒரு படம் போட்டிருந்தீர்கள். முகமெல்லாம் சவர்க்கார நுரையோடு கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் கிழவர் நான்தான். கனடாவிலிருந்து மகள் தொலைபேசி எடுத்துச் சிரித்த பிறகுதான் எனக்கே தெரியவந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் இவை வேலைவெட்டி இல்லாதவர்கள் பொழுது போக்கும் அழுக்கு மடங்கள் என்று எழுதியிருக்கிறாரே உங்கள் கட்டுரையாளர்! வெட்டுவதையே வேலையாகக் கொண்ட இடத்தைப் பார்த்து வேலைவெட்டி இல்லை என்று எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

தம்பி வந்தார், நாலு படம் பிடித்தார், போனார். தந்த பிளேன்ரீயைக்கூடக் குடிக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால், சலூன்கார அண்ணை புது பிளேட்டை உறையோடு மடித்து இரண்டாக முறித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகுவதைப் பார்த்திருப்பார். ஆளுக்கு ஒரு பாதி. பாவித்தது பழைய பால்மா டின்னுக்குள் போய்விடும். கத்தி தீட்டும் தோல்வார் ஆணியில் சும்மா தொங்குகிறது. கடைசியில் சீனாக்காரத்தை நனைத்துத் தடவும்போது கன்னம் எரியும். அழுக்கு எங்கே இருக்கிறதாம்?

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், மின்சாரமும் இல்லை, சவர்க்காரத்துக்கும் தடை. பனங்களியில் உடுப்புத் தோய்த்த காலம் உங்களுக்குத் தெரியாததல்ல. அப்போது வெறும் தண்ணீரில்தான் முகம் வழித்தார் அண்ணை. 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரே வெளிக்கிட்டபோது, கத்தரிக்கோலும் சீப்பும் கை மெஷினும் இருந்த தகரப் பெட்டியைத்தான் அவர் சைக்கிள் கரியரில் கட்டினார். சாவகச்சேரியில் ஒரு மாமரத்தின் கீழ், கண்ணாடி இல்லாமல், எனக்கும் வெட்டினார். பிடரி கொஞ்சம் கோணல்தான். யார் பார்த்தார்கள்?

குறை சொல்வதென்றால் உண்மையான குறை இருக்கிறது. எல்லாரையும் கதிரையில் ஏற்றாத சலூன்கள் இந்த யாழ்ப்பாணத்தில் இருந்தன. 1966இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போனதும் அப்படிப்பட்ட சாதிக் கொடுமைக்கு எதிராகத்தான். அதை எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டு வாசித்திருப்பேன். அதற்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. குளிரூட்டிய புது சலூன்களின் விலைப்பட்டியலுக்கு மட்டும் அரைப் பக்கம்.

புகையிரதக் கடவையைப் பற்றி நான் எழுதிய மூன்று கடிதங்களும் வெளிவரவில்லை. தபாலில் தவறியிருக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் 34 வருடம் தபால் கந்தோரில் இருந்தவன். லண்டனில் காலமானவருக்கு வர்ணத்தில் முழுப்பக்க அறிவித்தல் போட இடம் இருக்கிறது. காசு கொடுக்கிறார்கள், சரி. உயிரோடு இருக்கிற மனிதரின் பெயரைப் படத்தின் கீழே போடத்தான் இடமில்லை! அவருடைய கடைக்கு வருகிற உங்கள் பத்திரிகையின் ஒரு பிரதியை மத்தியானத்துக்குள் இருபது பேர் வாசிக்கிறோம். வேலைவெட்டி இல்லாததால்தானே?

ஒரேயொரு வேண்டுகோள். நீங்கள் போட்ட படத்தில் அண்ணையின் கை மட்டும்தான் தெரிகிறது. மற்ற மூன்றில் ஒன்றிலாவது அவர் முகம் விழுந்திருக்கும். அதில் ஒரு பிரதி தாருங்கள். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி தயாராக இருக்கிறது. தபாலில் அனுப்ப வேண்டாம், நானே சைக்கிளில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
இணுவில்.